விலைக்கு வாங்கும் ப்ராஜெக்ட் வேண்டாம், ஒரு புதிர் உலகம் செய்யுங்கள்: சித்தூர், திருப்பதி கணினி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சித்தூரிலும் திருப்பதியிலும் பி.டெக்., பி.சி.ஏ., எம்.சி.ஏ. வகுப்புகளில் கணினி படிக்கும் மாணவர்களே, அவர்களுக்குக் கைடாக இருக்கும் ஆசிரியர்களே,

உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். கேட்பது உங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட் பற்றி. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு செமஸ்டர் முழுவதும் செய்ய வேண்டிய வேலை அது. அதுவரை படித்ததையெல்லாம் ஒன்றுதிரட்டி, இதற்கு முன் இல்லாத ஒன்றைச் செய்து பார்க்கப் பாடத்திட்டமே உங்களுக்கு இடம் கொடுப்பது அந்தச் சில மாதங்களில்தான். அந்த மாதங்கள் எப்படிக் கழிகின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும். நூலக மேலாண்மை, வருகைப் பதிவு, மருத்துவமனை பில்லிங், எங்கிருந்தோ இறக்கிய தரவை வைத்துச் சர்க்கரை நோயைக் கணிப்பது என்று அதே தலைப்புகள் சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்குக் கைமாறுகின்றன. கோடிங், ரெக்கார்டு, பைண்டிங், வைவாவில் சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலைக்குத் தருகிற கடைகள் தென்னிந்தியா முழுக்க நடக்கின்றன. வாங்குகிற மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; பழகிய தலைப்பையே திரும்பத் திரும்ப ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் துறைக்கும் இதில் பங்கு உண்டு. மூளை மிகக் கூர்மையாக இருக்கும் வயதில், செய்தவரே மறுபடி திறந்து பார்க்காத ஒன்றுக்காக இத்தனை இளைஞர்களின் உழைப்பு ஆண்டுதோறும் மண்ணாகிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அதற்குப் பதிலாக நான் கேட்பது இதுதான்: ஒரு சிறிய புதிர் விளையாட்டைச் செய்யுங்கள். சுடுவது, கார் ஓட்டுவது, மதிப்பெண் சேர்ப்பது எதுவும் அதில் வேண்டாம். கனவில் காண்பது போன்ற ஓர் இடம். அங்கே ஒருவரை இறக்கிவிடுகிறீர்கள். அந்த இடத்துக்கு என்று ஒரு நியாயம் இருக்கிறது. கண்ணில் படும் பொருள்களைத் தொட்டு, திருப்பி, ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்து, அந்த நியாயத்தை அவரே கண்டுபிடித்து அடுத்த வாசலைத் திறக்க வேண்டும். உலகில் இந்த வகை விளையாட்டுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1993ல் அமெரிக்காவில் இரண்டு சகோதரர்கள் முன்நின்று செய்த ‘மிஸ்ட்’, ஆளில்லாத ஒரு தீவையும் சில விசித்திரப் பொறிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் கணினி விளையாட்டுகளின் விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. 1998ல் ஜப்பானில் வெளிவந்த ‘எல்.எஸ்.டி.: ட்ரீம் எமுலேட்டர்’, அதை வெளியிட்ட நிறுவனத்தில் வேலை செய்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்த கனவுக் குறிப்புகளிலிருந்து பிறந்தது, அதில் ஒரு சுவரைத் தொட்டால் வேறொரு கனவுக்குள் போய் விழுவீர்கள். முன்னது உலகப் புகழ் பெற்றது, பின்னது சிலருக்கே தெரிந்தது. இரண்டுமே ஆடுபவரைச் சிந்திக்கிற ஆளாக மதித்தவை. அந்த மதிப்பைத்தான் உங்கள் வேலையிலும் பார்க்க விரும்புகிறேன்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை, நம்மால் ஆகுமா என்று நீங்கள் நினைக்கலாம். இந்த வகை தோன்றிய கதையே அதற்குப் பதில் சொல்கிறது. 1970களின் நடுவில் வில் கிரவுதர் என்ற அமெரிக்க நிரலர், கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையில் தான் ஊர்ந்து ஊர்ந்து வரைபடம் எடுத்த பகுதியை அப்படியே ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார். தன் பெண் குழந்தைகள் ஆடுவதற்காக எழுதிய அந்த நிரலில் படமே இல்லை, எழுத்து மட்டும்தான். 1977ல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரித்தார். அதன் ‘அட்வென்சர்’ என்ற பெயர் ஒரு விளையாட்டு வகைக்கே நிலைத்தது. 2003ல் பிராக் நகரத்தின் கலைக் கல்லூரி மாணவர் யாகூப் த்வோர்ஸ்கி செய்த ‘சமோரோஸ்ட்’ அவருடைய பட்டப்படிப்பு ப்ராஜெக்ட். பாசி படிந்த மரக்கட்டை வடிவத்தில் விண்வெளியில் மிதக்கும் கிரகம், அதன் மேல் வெள்ளை உடையில் ஒரு சிறு உருவம், ஒரு வார்த்தை வசனம் கிடையாது. சில நிமிடங்களில் ஆடி முடித்துவிடக்கூடிய அந்த வேலையிலிருந்து அமானிடா டிசைன் என்ற குழு வளர்ந்து, 2009ல் ‘மெஷினாரியம்’ என்ற உலகம் கொண்டாடிய விளையாட்டைத் தந்தது. அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005ல் செய்த ‘நர்பாக்குலர் டிராப்’ என்ற ப்ராஜெக்ட்டைப் பார்த்த வால்வ் நிறுவனம் அவர்களையே வேலைக்கு எடுத்துக்கொண்டது; 2007ல் வந்த ‘போர்ட்டல்’ அதன் தொடர்ச்சி. இவர்கள் கையில் இருந்தவை ஒரு கணினி, நன்கு தெரிந்த ஓர் இடம் அல்லது ஒரு தெளிவான யோசனை, கொஞ்சம் நேரம். இவை மூன்றும் உங்களிடமும் இருக்கின்றன.

நன்கு தெரிந்த இடம் என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த வகையில் நிலைத்து நிற்பவை பெரும்பாலும் ஒரு மண்ணில் வேரூன்றியவை. 1993ல் ஜப்பானில் வந்த ‘காஸ்மாலஜி ஆஃப் கியோட்டோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கியோட்டோ நகரத்தில் நீங்கள் நடக்கிறீர்கள். தெருவில் பிச்சைக்காரர்கள், துறவிகள், பேய்கள். தவறு செய்தால் செத்துப் போவீர்கள். செத்தால் ஆட்டம் முடியாது. நரகத்தின் ஏதோ ஒரு தட்டில் விழுந்து, வினைக்கேற்ப மறுபடி பிறந்து, அதே தெருவுக்குத் திரும்பி வருவீர்கள். அதிகம் பேர் அறியாத விளையாட்டு அது. ஆனாலும் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அதைத் தேடிப்பிடித்துப் பாராட்டி எழுதினார். அதைச் செய்தவர்கள் தங்கள் ஊரின் பழங்கதைகளையும் நரகச் சித்திரங்களையுமே எடுத்துக்கொண்டார்கள். நம் பக்கத்திலிருந்து ஒரு சான்றும் உண்டு. 2023ல் டொராண்டோவில் ஒரு சிறு குழு செய்த ‘வெண்பா’, 1988ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் நோட்டில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்கின்றன. விட்டுப்போன படி எது என்று யோசித்து இட்லி வார்ப்பதும் புட்டு அவிப்பதும்தான் அதில் புதிர். அந்தச் சின்னஞ்சிறு வேலை 2024ல் சுயாதீன கணினி விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான விருதையும் வென்றது. இட்லித் தட்டில் எந்தக் குழியில் மாவு ஊற்றுவது, ஆவி மேலே எப்படிப் போகும் என்பதைப் புதிராக்க முடியும் என்று காட்டியது அந்தக் குழுவின் சாதனை.

இனி உங்கள் மண்ணுக்கு வருகிறேன். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபத சோபானம், உங்களில் தெலுங்கு பேசும் வீடுகளில் வைகுண்டபாளி. அந்தப் படத்தை ஒரு முறை புதுக் கண்ணோடு விரித்துப் பாருங்கள். அடித்தட்டில் விலங்குகள், மேலே ஏற ஏற மனிதர், தேவர், லோகங்கள், உச்சியில் வைகுண்டம், நடுவில் அசுரர்களின் பெயர் தாங்கிய பாம்புகள். உச்சிக்குப் பக்கத்தில் வந்தவரைப் பெரும்பாம்பு விழுங்கி அடித்தட்டுக்குத் தள்ளும். கியோட்டோ விளையாட்டு கணினியில் செய்ததை நம் முன்னோர் ஒரு தாளில் செய்து வைத்திருக்கிறார்கள். இதே ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய், நாளடைவில் அசுரரும் லோகங்களும் உதிர்ந்து, வெறும் எண்கட்டமாகத் திரும்பி வந்தது. பரமபதத்தில் தாயம் விழுவதுதானே எல்லாம், யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டால், கேள்வி நியாயமானதே. பகடையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பாம்பும் ஏன் விழுங்குகிறது, எதைக் கொடுத்தால் வழிவிடும் என்பதை ஆடுபவர் கண்டுபிடிக்கட்டும். அங்கே புதிர் பிறந்துவிடும். யோசித்து ஆடும் மரபும் உங்களுக்குப் புதிதல்ல. 3 புலிகளும் 15 ஆடுகளும் 23 புள்ளிகளில் மோதும் ஆடு புலி ஆட்டக் கோடுகள் தென்னாட்டுக் கோயில்களின் கல்தரையில் இன்றும் தேயாமல் கிடக்கின்றன.

திருக்காளத்திக்கு வாருங்கள். சிலந்தி, பாம்பு, யானை மூன்றும் ஒரே லிங்கத்தைப் பூசித்த தலபுராணம் உங்களுக்கு மனப்பாடம். அதையே ஒரு விளையாட்டின் அமைப்பாக யோசித்துப் பாருங்கள். பாம்பு மணிகளை வைத்து வழிபடுகிறது. யானை வந்து, இது என்ன குப்பை என்று நீரூற்றிக் கழுவிவிட்டு இலையும் பூவும் சாத்துகிறது. பாம்பு திரும்பி வந்து அந்த இலைகளைத் தள்ளிவிடுகிறது. ஒன்றின் பூசை மற்றொன்றின் கண்ணுக்கு அழுக்கு. ஒரே இடத்தை வெவ்வேறு கண்கள் வழியாகப் பார்க்க வேண்டும், ஒருவராக நின்று செய்தது இன்னொருவருக்கு இடைஞ்சலாகும், மூன்று வழிபாடும் ஒன்றையொன்று அழிக்காத ஒரு வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது எவ்வளவு அழகான புதிர்! உலகின் எந்த விளையாட்டு வடிவமைப்பாளரிடம் சொன்னாலும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். சித்தூர்ப் பக்கத்துத் தருமராசர் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கிறது. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறுகிறான். தரையில் மண்ணால் செய்த துரியோதனன் ஆளுயரத்துக்கும் பல மடங்கு பெரிதாகப் படுத்துக் கிடக்கிறான். கனவின் அளவுகளும் கனவின் நியாயமும் உங்கள் ஊர்த் திருவிழாவிலேயே இருக்கின்றன. மேல்நாட்டுக் கோட்டைகளையும் டிராகன்களையும் கடன் வாங்கி வந்து வைக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

இன்னும் கிட்டத்தில் போய் ஒன்றைக் காட்டுகிறேன்: காளத்தியின் கலம்காரி. கோராத் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு நாள்கணக்கில் புளிக்கவைத்து எடுத்த நீர் பார்வைக்கு ஏறக்குறைய நிறமற்றது. மூங்கில் குச்சியில் துணியும் நூலும் சுற்றிய கலத்தால் அதைத் தொட்டுக் கோடு இழுத்தால், கடுக்காய் ஏறிய துணியில் பட்ட கணமே அது கறுப்பாக மாறுகிறது. பிறகு, சிவப்பு வர வேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசலைத் தடவுகிறார்கள். அப்போது துணியில் பெரிதாக எதுவும் தெரியாது. வேர்ச்சாயத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்கிறது. மற்ற இடங்களில் ஏறிய சாயம் அலசலில் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் வரைந்த சித்திரம் கொதிநீரில் தெரியவருகிறது. மஞ்சளும் நீலமும் அதற்கப்புறம். படிகளை முன்பின்னாக்கினால் துணி பாழ். இதைவிட நேர்த்தியான ஒரு புதிரை யாராவது மெனக்கெட்டுக் கண்டுபிடிக்க வேண்டுமா? கலம்காரித் திரைச்சீலையின் அமைப்பையும் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய காட்சி, சுற்றிலும் வரிசை வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் கதையின் ஒரு கணம், அதனடியில் எழுத்து. அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு அறை, எழுத்து ஒரு குறிப்பு, பாதியில் நின்றுபோன உருவம் ஒரு பூட்டு என்று வைத்துக்கொண்டால், உங்கள் விளையாட்டின் முதல் வரைபடம் கைக்கு வந்துவிடுகிறது. உங்களில் பலர் தினமும் கல்லூரிப் பேருந்தில் தாண்டிப்போகும் ஊர் அது.

உங்களுக்கு இன்னொரு செல்வமும் உண்டு: இரண்டு மொழிகள். 1911ல் உருவான சித்தூர் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வாழ்ந்திருக்கின்றன. 1960ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சித்தூர் ஆந்திரத்தில் நின்றது, ஆனால் பேச்சை எந்தக் கோடும் பிரிக்கவில்லை. 1997ல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் எழுந்ததும் இந்தக் கலப்பு மண்ணில்தான். வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசி வளர்ந்த உங்களால், ஒரு பாத்திரம் தமிழில் கேட்க மற்றது தெலுங்கில் பதில் சொல்லும் உலகத்தை இயல்பாக எழுத முடியும். சென்னையிலோ ஹைதராபாத்திலோ உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு அது எளிதில் வராது. எழுத்தே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் சரி. ‘மெஷினாரியம்’ படம் வரைந்த பேச்சுக் குமிழிகளாலேயே முழுக் கதையையும் சொல்லிவிட்டது.

இனி உங்கள் மனதில் எழும் மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு வேலைவாய்ப்பு. கேம்பஸ் இண்டர்வியூவில் இதற்கு என்ன மதிப்பு என்று பெற்றோர் கேட்பார்கள். கடன் வாங்கிப் பீஸ் கட்டியவர்களின் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் ஒரு புதிர் விளையாட்டுக்குள் எவ்வளவு கணினி அறிவியல் இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். எந்தப் புதிரை அவிழ்த்தால் எது திறக்கும் என்பதைப் படமாகப் போடுவது ‘மங்கி ஐலண்ட்’ செய்த ரான் கில்பர்ட் போன்றவர்கள் கடைப்பிடித்த முறை. நீங்கள் இரண்டாம் ஆண்டில் படித்த கிராஃப் அதுவேதான். ஒவ்வொரு பொருளும் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஸ்டேட் மெஷின். ஆடுபவர் எந்த வரிசையில் போனாலும் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று உறுதிசெய்ய, எல்லா நிலைகளையும் பி.எஃப்.எஸ். போட்டுத் தேடும் நிரல் எழுத வேண்டும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அல்காரிதத்துக்கு அன்றுதான் உயிர் வரும். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திச் சேமிப்பது, பழைய செல்போனிலும் ஓடும்படி நினைவகத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து எங்கே திணறுகிறார் என்று குறித்துக்கொள்வது எல்லாமே எந்த சாப்ட்வேர் நிறுவனமும் எதிர்பார்க்கும் திறமைகள். விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட்டை வைத்திருப்பவர் இண்டர்வியூவில் இரண்டாவது கேள்விக்கே நின்றுவிடுவார். தன் கையால் ஓர் உலகத்தைக் கட்டியவர் ஒரு மணி நேரம் பேசுவார்.

பணம் வேண்டுமே என்பது அடுத்தது. கோடோ என்ற விளையாட்டு எஞ்சின் முழுக்க இலவசம். அதன் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. எழுத்தால் மட்டும் ஆன விளையாட்டுக்கு ட்வைன் போதும். படத்துக்கு இங்க்ஸ்கேப், பிளெண்டர் இருக்கின்றன. சில ஆண்டுகள் முன்புவரை நம் எழுத்துகளே பெரிய தடையாக இருந்தன. ‘கொ’ என்று எழுதினால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் சிதறி நிற்கும். தெலுங்கின் ஒத்துகள் அடியில் உட்காராமல் வரிசையில் வந்து நிற்கும். 2023ல் வந்த கோடோ 4 இந்திய எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் வசதியோடு வந்தபின் அந்தத் தடையும் நீங்கியது. படம் வரையத் தெரியாது என்று தயங்கினால், உங்கள் பக்கத்திலேயே கலம்காரி கற்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய கூலியும் பெயரும் கொடுத்துக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மறுப்பு கனமானது. விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது, குடும்பங்களை அழிக்கிறது என்கிறார்கள். செல்போனில் ரம்மி ஆடிக் கடனில் மூழ்கியவர்களின் கதைகள் இரு மாநிலங்களும் அறிந்தவை. ஆந்திரம் 2020ல் தன் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி இணையச் சூதாட்டத்தைத் தடுத்தது. தமிழ்நாடு 2022ல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. அந்தத் தடைகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த ஆட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். அவற்றுக்கு முடிவே கிடையாது. நிறுத்தவிடாமல் பிடித்துவைப்பதுதான் அவற்றின் வருமானம். நான் கேட்கும் விளையாட்டுக்கு முடிவு உண்டு. அரை மணியோ இரண்டு மணியோ ஆடினால் கடைசி வாசல் திறக்கும், ஆடியவர் எழுந்து போவார், அவர் பணமும் பத்திரமாக இருக்கும். 2025ன் சட்டமே பணமில்லாத சமூக, கல்வி விளையாட்டுகளை வளர்க்க வழிவைத்திருக்கிறது. கெட்ட விளையாட்டுகள் மலிந்திருப்பதால் விளையாட்டையே விட்டுவிடுவோம் என்றால், நம் பிள்ளைகள் கையில் கெட்டவை மட்டுமே மிஞ்சும்.

நான்காவது, சாமி விஷயத்தில் கைவைக்கலாமா என்ற அச்சம். ஏழுமலையானின் அடிவாரத்தில் வாழும் உங்களுக்கு இது வெறும் சாக்கு அல்ல என்று எனக்குத் தெரியும். மரபே இதற்கு வழி காட்டியிருக்கிறது. பரமபதத்தில் நகர்வது கடவுள் அல்ல, ஓர் உயிர். கடவுள் உச்சியில் இருக்கிறார், நாம் ஏறுகிறோம், விழுகிறோம். உங்கள் விளையாட்டிலும் ஆடுபவரின் கையில் தெய்வத்தைக் கொடுக்காதீர்கள். சிலந்தியைக் கொடுங்கள், கலம்காரி வரைபவரைக் கொடுங்கள், வழி தவறிய யாத்திரீகரைக் கொடுங்கள். எழுதுவதற்கு முன் அந்தக் கதையை வாழ்வாகக் கொண்டவர்களிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்பதை விட்டுவிடுங்கள். மரியாதையோடு செய்த வேலையை மக்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கடைசி மறுப்பு, யார் ஆடப்போகிறார்கள் என்பது. நூறு பேர் ஆடலாம், பத்துப் பேரும் ஆடலாம். அதற்காகச் செய்யாமல் விடுவது சரியில்லை. 1950களின் இறுதியில் காளத்தியில் கலம்காரி அழியும் நிலையில் இருந்தபோது, கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியால் அங்கே ஒரு சிறு பயிற்சி நிலையம் தொடங்கியது. ஜொன்னலகட்ட லட்சுமையா அங்கே கற்றுக்கொடுத்தார். அவர் மகன் குரப்பா செட்டிக்கு 2008ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆரம்பத்தில் விரல்விட்டு எண்ணும் சிலர் கற்றதால்தான் அந்தக் கலை இன்று இருக்கிறது. அன்னமாச்சாரியாரின் பாடல்களைச் செப்பேடுகளில் வெட்டித் திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிறு கல் அறையில் வைத்தவர்களுக்கு, அவற்றை யார் பாடப்போகிறார்கள் என்று தெரியாது. பல நூற்றாண்டுகள் பெரும்பாலும் பாடப்படாமல் கிடந்து, 1920களில் வெளிச்சத்துக்கு வந்தன. இன்று சுமார் 12,000 பாடல்கள் நம்மிடம் உள்ளன. கணினி விளையாட்டுகளுக்கு இந்தப் பாதுகாப்புக்கூட இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைக்காது என்று 2023ல் அங்குள்ள விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை கணக்கிட்டது. அடோபியின் ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ல் முடிந்தபின் ‘சமோரோஸ்ட்’ போன்று அதில் செய்த ஆயிரக்கணக்கான வேலைகள் உலாவிகளில் ஓடாமல் நின்றன. ‘சமோரோஸ்ட்’டை அதன் குழு புதுப்பித்துக் காப்பாற்றியது, பலவற்றைக் காப்பாற்ற ஆளில்லை. ஆகவே செய்யும்போதே நிலைக்கும்படி செய்ய வேண்டும்.

ஆசிரியர்களே, உங்களிடம் நான் கேட்பது மூன்று. வரும் கல்வியாண்டில் உங்கள் துறையின் ப்ராஜெக்ட் பட்டியலில் ‘இந்த மண்ணின் பொருளில் ஒரு புதிர் விளையாட்டு’ என்று ஒரு தலைப்பைச் சேர்த்து, ஒரே ஒரு குழுவுக்காவது அனுமதி கொடுங்கள். கணினித் துறை தனியாக நிற்காமல், தமிழ், தெலுங்கு, வரலாற்றுத் துறைகளிலிருந்து ஒருவரை இணை வழிகாட்டியாக அழையுங்கள். வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் ஒரே ஊரிலும் அதன் பக்கத்திலும் இருக்கும் வாய்ப்பு எத்தனை ஊர்களுக்குக் கிடைக்கும்? மூன்றாவதாக, மதிப்பெண் போடும்போது ரெக்கார்டின் தடிமனைப் பார்க்காமல், ஆட்டத்தை நீங்களே உட்கார்ந்து ஆடிப் பாருங்கள்.

மாணவர்களே, உங்களிடம் கேட்பது இதைவிடச் சிறியது, ஆனால் கடினமானது. ஐந்தே அறைகள் கொண்ட உலகம் போதும். அதை முழுதாக முடியுங்கள். புதிர்கள் இணையத்தில் கிடைப்பவையாக இல்லாமல், நீங்கள் நேரில் போய்ப் பார்த்த ஒரு வேலையிலிருந்து, ஓர் ஆட்டத்திலிருந்து, ஒரு கதையிலிருந்து பிறக்கட்டும். இணைய இணைப்பு இல்லாமலும் ஓடும்படி செய்யுங்கள். மூல நிரலையும் படங்களையும் வரைபடத்தையும், கதை சொன்னவர்களின் பெயர்களோடு, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தில் கல்லூரி நூலகத்தில் ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டு ஜூனியர்கள் உங்களிடம் தலைப்பு கேட்டு வரும்போது, பழைய ரெக்கார்டைக் கொடுக்காமல் நீங்கள் கட்டிய உலகத்தின் நிரலைக் கொடுத்து, ஆறாவது அறையை அவர்களைச் செய்யச் சொல்லுங்கள். ப்ராஜெக்ட் தலைப்பை ஒப்படைக்கக் கெடு வருவதற்குள் உங்கள் குழுவைக் கூட்டி இதைப் பேசி முடிவெடுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.